தொலைவழி இரண்டாம் மருத்துவக் கருத்து: கடிதம் முதல் ஸ்கேன் வரை ஒரு வரலாறு

ஒரு மருத்துவர் நோயைக் கண்டறிந்து சிகிச்சையும் சொன்ன பிறகு, அதே நோயைப் பற்றி வேறொரு மருத்துவரிடம் கேட்டுப் பெறும் கருத்தை இரண்டாம் கருத்து என்கிறோம். பேச்சு வழக்கில் இதை 'செகண்ட் ஒப்பீனியன்' என்பார்கள். அந்த இரண்டாவது மருத்துவர் வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருக்கலாம். நோயாளி தன் வீட்டை விட்டு நகராமல், தன்னுடைய மருத்துவக் குறிப்புகளை மட்டும் அவருக்கு அனுப்பிக் கருத்தைப் பெறுவது தொலைவழி இரண்டாம் கருத்து.

சிகிச்சைக்காக வெளிநாடு புறப்படும் ஒரு குடும்பத்துக்கு இது மிக முக்கியமானது. விமானச் சீட்டு, விசா, துணைக்கு ஒருவர், வாரக்கணக்கில் தங்க ஓர் அறை, அதற்கு மேல் சிகிச்சைச் செலவு. பல குடும்பங்கள் நிலத்தை விற்றோ நகையை அடகு வைத்தோ கிளம்புகின்றன. அங்கே போய் இறங்கிய பிறகு, "இந்தச் சிகிச்சையை உங்கள் ஊரிலேயே செய்திருக்கலாமே" என்றோ, "இந்த நிலையில் அறுவை சிகிச்சையால் பயன் இல்லை" என்றோ மருத்துவர் சொன்னால், போன பணமும் திரும்பாது, போன நாட்களும் திரும்பாது. அந்தச் சொல்லைப் புறப்படுவதற்கு முன்பே கேட்க முடியுமா என்பதுதான் கேள்வி.

இது இணையம் கொண்டுவந்த வசதி என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இந்த வழக்கத்துக்கு 250 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாறு முழுவதும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: தொலைவில் இருக்கும் மருத்துவர் எதைப் பார்த்துக் கருத்துச் சொல்கிறார்? அவர் நோயாளியைப் பார்ப்பதில்லை; தனக்கு அனுப்பப்பட்டதை மட்டுமே பார்க்கிறார். ஆகவே அனுப்பப்படுவது எவ்வளவு தரமோ, கருத்தும் அவ்வளவே தரம். இந்தக் கட்டுரை அந்தப் பாதையைச் சுருக்கமாகச் சொல்கிறது.

கடிதம் எழுதி வைத்தியம் கேட்ட காலம்

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெயர் பெற்ற மருத்துவர்கள் சில நகரங்களில் மட்டுமே இருந்தார்கள். குதிரை வண்டியில் பல நாள் பயணம் செய்தால் நோயாளியின் உடல் மேலும் கெடும். ஆனால் தபால் ஓரளவு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அதனால் வசதி உள்ளவர்கள் தங்கள் நோயைக் கடிதமாக எழுதி, கட்டணத்தோடு அனுப்பி, பதிலாக ஆலோசனை பெற்றார்கள்.

நெதர்லாந்தின் லைடன் நகரில் இருந்த ஹெர்மன் பூர்ஹாவே (1668-1738) இப்படிக் கடிதம் வழி ஆலோசனை சொன்ன மருத்துவர்களில் மிகப் புகழ் பெற்றவர். 'பூர்ஹாவே, ஐரோப்பா' என்று மட்டும் முகவரி எழுதிய கடிதம் ஒன்று சீனாவிலிருந்து புறப்பட்டுத் தவறாமல் அவர் கைக்கு வந்து சேர்ந்ததாக ஒரு கதை சொல்வார்கள். கதை நடந்ததோ இல்லையோ, அவருடைய பெயர் எவ்வளவு தூரம் எட்டியிருந்தது என்பதை அது காட்டுகிறது.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் வாழ்ந்த வில்லியம் கல்லன் (1710-1790) இந்த முறைக்கு நமக்குக் கிடைத்திருக்கும் சிறந்த சான்று. அவருக்கு வந்த கடிதங்களும் அவர் எழுதிய பதில்களும் ஆயிரக்கணக்கில் எடின்பரோ ராயல் மருத்துவர் கல்லூரியில் பாதுகாக்கப்பட்டுள்ளன. கிளாஸ்கோ பல்கலைக்கழகம் அவற்றை எண்ணிம வடிவில் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. சில கடிதங்களை நோயாளியே எழுதினார். சிலவற்றை உறவினர் எழுதினார். பலவற்றை நோயாளியின் ஊரில் இருந்த உள்ளூர் மருத்துவர் எழுதினார். "இவருக்கு நான் இந்த மருந்து கொடுத்தேன், இப்படி ஆயிற்று, உங்கள் கருத்து என்ன?" என்று கேட்கும் கடிதங்கள் அவை. இன்றைய சொல்லில் அவை இரண்டாம் கருத்துக்கான விண்ணப்பங்களே.

கல்லன் தன் பதில்களுக்கெல்லாம் நகல் வைத்துக்கொண்டார். முதலில் உதவியாளர்கள் கையால் நகல் எழுதினார்கள். நீராவி இயந்திரத்தால் நாம் அறிந்த ஜேம்ஸ் வாட், கடிதத்தை நகல் எடுக்கும் அழுத்துப் பொறி ஒன்றுக்கும் 1780இல் காப்புரிமை பெற்றார். மை காயாத கடிதத்தின் மேல் ஈரப்படுத்திய மெல்லிய தாளை வைத்து அழுத்தினால் எழுத்து அதில் பதியும். கல்லன் 1781 முதல் அந்தப் பொறியைப் பயன்படுத்தினார். நகல் எதற்கு? ஆறு மாதம் கழித்து அதே நோயாளி மறுபடி எழுதும்போது, முன்பு என்ன சொன்னோம் என்று தெரியாமல் பதில் எழுத முடியாது. நோயாளியின் கோப்பு என்று இன்று நாம் சொல்வதன் ஒரு பழைய வடிவம் இது.

கேள்விப் பட்டியல் பிறந்த கதை

கடிதத்தில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. நோயாளிக்கு எது முக்கியமாகத் தோன்றுகிறதோ அதைத்தான் அவர் எழுதுவார். மருத்துவருக்குத் தேவையான விவரம் விடுபட்டுப் போகும். அதைக் கேட்டு மீண்டும் எழுதி, பதில் வருவதற்குள் நோய் முற்றிவிடும்.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மருத்துவர் சாமுவேல் அகுஸ்த் தீசோ (1728-1797) இதற்கு ஒரு வழி கண்டார். கிராம மக்களின் உடல்நலம் பற்றி அவர் 1761இல் ஒரு நூல் வெளியிட்டார். மருத்துவர் இல்லாத ஊர்களில் நோயாளிக்கு உதவக்கூடிய பாதிரியார்கள், பள்ளி ஆசிரியர்கள் போன்றவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட நூல் அது. பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. மருத்துவரிடம் ஆலோசனை கேட்கப் போகிறவர் கட்டாயம் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளை அதில் அவர் பட்டியலாகக் கொடுத்தார். வயது என்ன? முன்பு உடல்நலம் எப்படி இருந்தது? நோய் எப்போது, எப்படித் தொடங்கியது? காய்ச்சல் உண்டா? பசி, தாகம், தூக்கம் எப்படி? இதுவரை என்ன மருந்து சாப்பிட்டார், அதனால் என்ன நேர்ந்தது?

இன்று எந்த மருத்துவமனையின் இணையப் படிவத்தைத் திறந்தாலும் ஏறக்குறைய இதே கேள்விகளைக் காணலாம். தீசோவுக்கு வந்த ஆலோசனைக் கடிதங்கள் ஆயிரத்துக்கு மேல் இன்றும் லோசானில் உள்ளன.

அக்காலத்தில் நுரையீரல் நோயாளிகளை வெந்நீர் ஊற்றுகளுக்கோ, தென் ஐரோப்பாவின் இதமான கடற்கரைகளுக்கோ போகச் சொல்வது வழக்கம். சிகிச்சைக்காக நாடு விட்டு நாடு போகும் பழக்கம் அப்போதே வேரூன்றிவிட்டது. ஸ்காட்லாந்து நாவலாசிரியர் டோபியஸ் ஸ்மாலட் அப்படிப் போனவர்களில் ஒருவர். அவரே மருத்துவம் படித்தவர். 1763இல் பிரான்சின் மோன்பெல்லியே நகரை அடைந்தபோது, அங்கே புகழ் பெற்றிருந்த ஃபீஸ் என்ற மருத்துவருக்குத் தன் நோயை லத்தீனில் விரிவாக எழுதிக் கட்டணத்தோடு அனுப்பினார். பதில் பிரெஞ்சு மொழியில் வந்தது. தான் எழுதியவற்றை ஃபீஸ் சரியாகக் கவனிக்கவில்லை, தனக்கு இல்லாத நோய்க்கு மருந்து சொல்கிறார் என்று ஸ்மாலட் தன் பயண நூலில் கடுமையாகக் குறைபட்டுக்கொண்டார். லத்தீன் அவருக்குப் புரிந்ததா என்றே அவருக்குச் சந்தேகம். புகழ் பெற்ற பெயருக்குப் பணம் கட்டினால் மட்டும் போதாது, அனுப்பியது படிக்கப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும் என்ற பாடம் அன்றே எழுதி வைக்கப்பட்டுவிட்டது.

ஸ்டெதாஸ்கோப் வந்தது, கடிதம் குறைந்தது

கடிதத்தை மட்டும் படித்து நோயைக் கணிக்க அந்த மருத்துவர்களால் எப்படி முடிந்தது? அக்கால மருத்துவம் பெரும்பாலும் நோயாளி சொல்லும் வரலாற்றையே நம்பியிருந்தது. நேரில் வந்தாலும் மருத்துவர் நாடியைப் பார்ப்பார், நாக்கைப் பார்ப்பார், மற்றபடி கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். அதனால் நேரில் வருவதற்கும் எழுதி அனுப்புவதற்கும் இருந்த வேறுபாடு இன்றைய அளவுக்குப் பெரிதல்ல.

1816இல் பாரிஸ் நகரில் ரெனே லேனெக், சுருட்டிய தாளை நோயாளியின் மார்பில் வைத்து இதயத்தின் ஒலியைக் கேட்டார். அதிலிருந்து ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. உடலைத் தட்டிப் பார்ப்பது, அழுத்திப் பார்ப்பது, ஒலி கேட்பது என்று மருத்துவப் பரிசோதனை வளர்ந்தது. நோயாளி சொல்வதை விட, அவர் உடல் காட்டுவது முக்கியம் என்றாயிற்று. மார்பின் ஒலியைக் கடித உறையில் போட்டு அனுப்ப முடியாதே! ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடித வைத்தியத்தின் மதிப்பு குறைந்தது. நோயாளி மருத்துவரின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தாக வேண்டியிருந்தது.

இந்தக் கட்டம் நமக்கு ஒன்றைத் தெளிவாக்குகிறது. உடலைத் தொட்டுப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டிய நோய்களில் தொலைவழிக் கருத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை இன்றும் மாறவில்லை.

கருவி தானே எழுதத் தொடங்கியது

தொலைவு மீண்டும் சுருங்கியதற்குக் காரணம், உடலின் செயலைத் தாளில் பதிவு செய்யும் கருவிகள். லைடன் நகரின் வில்லெம் ஐந்தோவன், இதயத்தின் மின்னோட்டத்தைக் கோடாக வரையும் கருவியை உருவாக்கினார். இன்றைய ஈ.சி.ஜி.யின் மூலம் அதுவே. ஒரு அறையையே அடைத்துக்கொள்ளும் அந்தக் கருவியை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல முடியாது. இதய நோயாளிகளை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வருவதும் ஆபத்து. ஆகவே 1905இல், சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில் இருந்த மருத்துவமனைப் படுக்கையிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக இதயத்தின் மின்னோட்டத்தை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து பதிவு செய்தார். மறு ஆண்டு அதைப் பற்றி எழுதிய கட்டுரைக்குத் தொலை இதயப் பதிவு என்ற பொருள் தரும் தலைப்பையே வைத்தார். 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கடிதத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கடிதத்தில் நோயாளியின் சொல் போயிற்று. கம்பியில் உடலின் பதிவே போயிற்று. ஒரே பதிவை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் படித்துத் தங்கள் முடிவை ஒப்பிட இதனால் வழி பிறந்தது. இரண்டாம் கருத்துக்கு இதுவே அடித்தளம்.

கடலில் ஒரு குரல், பாலைநிலத்தில் ஒரு பெட்டி

வானொலி வந்ததும் மருத்துவரே இல்லாத இடங்களுக்கு ஆலோசனை எட்டியது. அவை இரண்டாம் கருத்து அல்ல, முதல் கருத்தே. ஆனாலும் தொலைவிலிருந்து எப்படிப் பேச வேண்டும் என்பதை அவையே உலகுக்குக் கற்றுக்கொடுத்தன.

1935இல் ரோம் நகரில் குய்டோ குய்டா என்ற மருத்துவர் சர்வதேச வானொலி மருத்துவ மையத்தைத் தொடங்கினார். அதன் முதல் தலைவர் வானொலியின் முன்னோடி மார்க்கோனி. நடுக்கடலில் ஒரு மாலுமிக்கு வயிற்று வலி என்றால் கப்பல் அலுவலர் வானொலியில் அறிகுறிகளைச் சொல்வார். ரோமில் இருக்கும் மருத்துவர் இலவசமாக வழி சொல்வார்.

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் பக்கத்து வீடே பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அங்கே 1928இல் ஜான் ஃப்ளின் என்ற பாதிரியாரின் முயற்சியால் பறக்கும் மருத்துவர் சேவை தொடங்கியது. மின்சாரம் இல்லாத பண்ணைகளுக்காக ஆல்ஃபிரட் ட்ரேகர், காலால் மிதித்து இயக்கும் வானொலியை 1929இல் செய்து கொடுத்தார். பின்னர் பண்ணைதோறும் ஒரே மாதிரியான மருந்துப் பெட்டி வைக்கப்பட்டது. அதில் ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண். கரகரக்கும் வானொலியில் வாயில் நுழையாத மருந்துப் பெயரைச் சொன்னால் தவறு நேரும். எண்ணைச் சொன்னால் தவறு நேராது. இரு முனையிலும் ஒரே பட்டியல் இருக்க வேண்டும் என்ற இந்த எளிய விதி, பின்னால் கணினிக் காலத்திலும் தேவைப்பட்டது.

படம் பயணம் செய்யத் தொடங்கியது

1895இல் ரோன்ட்கென் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். உடலின் உட்புறத்தைப் படமாக எடுக்க முடிந்ததும் அந்தப் படம் தபாலில் ஊர் ஊராகப் போனது. 1940களின் இறுதியில் அமெரிக்காவில் வெஸ்ட் செஸ்டர் நகரிலிருந்து சுமார் 38 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஃபிலடெல்ஃபியாவுக்குத் தொலைபேசிக் கம்பி வழியாக எக்ஸ்ரே படம் அனுப்பப்பட்டது. 1968இல் பாஸ்டன் விமான நிலையத்தில் இருந்த சிறு மருத்துவ நிலையத்தையும் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையையும் இருவழித் தொலைக்காட்சி இணைத்தது.

பெரிய மாற்றம் சி.டி. ஸ்கேனால் வந்தது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையைப் படம் எடுத்தது. 80க்கு 80 கட்டங்கள் கொண்ட படம் அது. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். படம் என்பது எண்களின் தொகுப்பு என்றான பிறகு, சிதையாமல் அதை எத்தனை தூரமும் அனுப்பலாம்.

ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தன் கருவியின் படத்தைத் தனக்கே உரிய வடிவத்தில் சேமித்தது. ஒன்றின் படத்தை மற்றொன்றின் திரையில் திறக்க முடியவில்லை. இதைத் தீர்க்க அமெரிக்கக் கதிரியக்க மருத்துவக் கல்லூரியும் மின்கருவி உற்பத்தியாளர் சங்கமும் 1983இல் ஒரு குழு அமைத்தன. அந்த முயற்சியின் பயனாக 1993இல் டைகாம் என்ற பொது வடிவம் வந்தது. இன்று ஸ்கேன் மையத்தில் கொடுக்கும் சி.டி. தட்டில் இருப்பது பெரும்பாலும் இந்த டைகாம் கோப்புகளே. படத்தோடு நோயாளியின் பெயர், எடுத்த நாள், ஒவ்வொரு வெட்டின் தடிமன் ஆகியவையும் அதில் சேர்ந்தே இருக்கும். ஆஸ்திரேலிய மருந்துப் பெட்டியின் எண் செய்த வேலையை மருத்துவப் படங்களுக்கு டைகாம் செய்தது.

ஒரு ஸ்கேனில் நூற்றுக்கணக்கான வெட்டுப் படங்கள் இருக்கும். ஃபிலிமில் அச்சிடுவது அவற்றில் சிலவற்றை மட்டுமே. அந்த ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கைப்பேசியில் படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மீதி விவரமும் குறைந்துபோகும். அதைப் பார்த்துச் சொல்லும் கருத்து, பாதிக் கடிதத்தைப் படித்துச் சொல்லும் கருத்துப் போன்றது.

ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு

வெளிநாட்டுப் பயணத்துக்கு முந்திய கருத்து என்ற நோக்கில் இந்திய வரலாறு தனி இடம் பெறுகிறது. 2000ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அரகொண்டா என்ற கிராமத்து மருத்துவமனை தொலை மருத்துவ வசதியால் நகரத்தோடு இணைக்கப்பட்டது. 2001இல் இஸ்ரோ செயற்கைக்கோள் வழித் தொலை மருத்துவத் திட்டத்தைத் தொடங்கியது.

2004 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்க நாடாளுமன்றத்தில் பேசிய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் ஒரு யோசனையை முன்வைத்தார். ஆப்பிரிக்க நாடுகளின் மருத்துவமனைகளையும் பல்கலைக்கழகங்களையும் செயற்கைக்கோள், கண்ணாடி இழை வழியாக இந்தியாவோடு இணைக்கலாம் என்பதே அது. முதலில் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவின் பிளாக் லயன் மருத்துவமனை ஹைதராபாத்தோடு முன்னோட்டமாக இணைக்கப்பட்டது. 2009 பிப்ரவரியில் ஆப்பிரிக்க மின் வலையமைப்பு முறையாகத் தொடங்கப்பட்டது. இந்தியத் தரப்பில் 12 உயர் சிறப்பு மருத்துவமனைகள் அதில் இருந்தன. சென்னையின் அப்போலோவும் ஸ்ரீராமச்சந்திராவும் அவற்றில் அடங்கும்.

இதன் பொருளை ஒரு நோயாளியின் பக்கம் இருந்து எண்ணிப் பாருங்கள். அடிஸ் அபாபாவில் இருப்பவருக்கு இந்தியாதான் வெளிநாடு. அவருடைய மருத்துவர் படங்களைத் திரையில் காட்டி இந்திய நிபுணரோடு பேசினால், உள்ளூரிலேயே சிகிச்சையைத் தொடரலாமா, விமானம் ஏறியே ஆக வேண்டுமா என்பது பயணச் செலவுக்கு முன்பே தெரியும்.

உள்நாட்டிலும் இதே தேவை இருந்தது. புற்றுநோய் என்றால் எந்த ஊராரும் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனைக்குப் புறப்படுவது வழக்கம். அந்த மையத்தின் நிபுணர்களோடு இணைந்து இயங்கும் நவ்யா சேவை, நோயாளி தன் அறிக்கைகளை இணையத்தில் ஏற்றி நிபுணர் கருத்தைப் பெற வகை செய்தது. கருத்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஊர் மருத்துவரிடமே சிகிச்சையைத் தொடர்ந்தவர்கள் உண்டு.

கண்ணாடிச் சில்லில் இருக்கும் தீர்ப்பு

புற்றுநோயில் ஸ்கேன் படத்தை விட முக்கியமானது திசு ஆய்வு, அதாவது பயாப்சி. எடுத்த திசுவை மெழுகுக் கட்டியில் பதித்து, மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடிச் சில்லில் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஆய்வகத்தார் இவற்றை பிளாக், ஸ்லைடு என்பார்கள். நோய் எது என்ற தீர்ப்பு அந்தச் சில்லில்தான் இருக்கிறது.

ஒரே சில்லை எல்லாரும் ஒரே மாதிரி படிப்பார்களா? 2015இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 115 நோய்க்குறியியல் மருத்துவர்கள் மார்பகத் திசுச் சில்லுகளைப் படித்தார்கள். அவர்கள் முடிவு நிபுணர் குழுவின் முடிவோடு மொத்தத்தில் சுமார் 75 சதவீதம் ஒத்தது. ஊடுருவும் புற்றுநோயில் 96 சதவீதம் ஒத்துப்போனது. புற்றுநோய் என்றும் சொல்ல முடியாத, இயல்பு என்றும் சொல்ல முடியாத இடைநிலை மாற்றங்களில் ஒப்புமை 48 சதவீதமே. இரண்டாம் கருத்து எங்கே அதிகம் தேவை என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

2017இல் மேயோ கிளினிக் வெளியிட்ட ஆய்வு வேறொரு கோணத்தைக் காட்டுகிறது. வெளி மருத்துவர்கள் அங்கே நேரில் அனுப்பிவைத்த 286 நோயாளிகளின் பதிவுகளை ஒப்பிட்டார்கள். 12 சதவீதத்தினருக்கு மட்டுமே முதலில் சொன்ன நோய் அப்படியே உறுதியானது. 21 சதவீதத்தினருக்கு முற்றிலும் வேறு நோய் என்று தெரிந்தது. மற்றவர்களுக்கு முதல் முடிவு மேலும் துல்லியமாக்கப்பட்டது. இவர்கள் சிக்கலான நோய்க்காக அனுப்பப்பட்டவர்கள். எல்லா நோயாளிகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் சிக்கலான நோயோடு வெளிநாடு புறப்படுகிறவரும் இவர்களைப் போன்றவரே.

2017இல் அமெரிக்க மருந்து நிர்வாகம், சில்லு முழுவதையும் எண்ணிமப் படமாக எடுத்து அதைப் பார்த்தே நோயைத் தீர்மானிக்கும் ஒரு முறைக்கு முதன்முதலாக ஒப்புதல் அளித்தது. அதன் பிறகு கண்ணாடிச் சில்லும் கம்பி வழியே பயணம் செய்யத் தகுதி பெற்றுவிட்டது.

பொறுப்பு யாருக்கு?

கல்லன் எடின்பரோவில் இருந்து மருந்து எழுதினார். அதைக் கொடுத்து, நோயாளியின் நிலை மாறினால் கவனித்தவர் உள்ளூர் மருத்துவர். இந்த ஏற்பாடு இன்றும் சட்டத்தில் இருக்கிறது. இந்திய அரசு 2020 மார்ச் 25 அன்று வெளியிட்ட தொலை மருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி, ஒரு மருத்துவர் மற்றொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்டாலும், சிகிச்சைக்கான பொறுப்பு கேட்டவரிடமே இருக்கும். அந்த நெறிகள் இந்தியாவின் எல்லைக்கு வெளியே நடக்கும் ஆலோசனைகளுக்குப் பொருந்தா. ஆகவே வெளிநாட்டு மருத்துவர் எழுதி அனுப்பும் கருத்து, ஊர் மருத்துவரின் கையில் போய்ச் சேர்ந்தால்தான் பயன்படும். அவருக்குத் தெரியாமல் வாங்கி வைத்துக்கொள்வதில் பொருள் இல்லை. நோயாளி வேறொருவரிடமும் கேட்பதை நல்ல மருத்துவர் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். கல்லனுக்குக் கட்டணம் கிடைத்தது கருத்துக்காக. நோயாளி எடின்பரோவுக்கு வந்தாலும் வராவிட்டாலும் அது மாறாது. இன்று சில மருத்துவமனைகளும் இடைத்தரகர்களும் இலவசமாகவே கருத்துத் தருகிறார்கள். அதோடு செலவு மதிப்பீடும் விசாவுக்கான கடிதமும் வந்து சேரும். அங்கே நோயாளி வந்தால்தான் அவர்களுக்கு வருமானம். அப்படித் தரும் கருத்து தவறாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் பயணம் போக வேண்டுமா என்ற கேள்வியை, நாம் போவதால் லாபம் அடையாத ஒருவரிடமும் கேட்பதே முறை.

புறப்படுவதற்கு முன்: வரலாறு தரும் பாடங்கள்

தீசோவின் காலத்திலிருந்து இன்று வரை கற்றதைத் தொகுத்துச் சொன்னால் இப்படி அமையும்.

முதலில், நோயின் வரலாற்றை ஒரே பக்கத்தில் தேதி வரிசையில் எழுதுங்கள். தொடங்கிய நாள், பரிசோதனைகள், சாப்பிட்ட மருந்தும் அளவும், ஒவ்வாமை, பழைய அறுவை சிகிச்சைகள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி ஒவ்வொன்றையும் இணையுங்கள்.

இரண்டாவதாக, ஸ்கேன் மையத்தில் டைகாம் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. அறிக்கை என்பது ஏற்கெனவே ஒருவர் சொன்ன கருத்து. அதை மட்டும் அனுப்பினால், இரண்டாவது மருத்துவர் முதல் கருத்தையே திரும்பப் படிக்கிறார்.

மூன்றாவதாக, பயாப்சி செய்த ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்து ஸ்லைடையும் பிளாக்கையும் கேட்கலாம். அனுப்பும்போது ரசீது வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிளாக் தொலைந்தால் மறுபடி திசு எடுக்க வேண்டி வரும்.

நான்காவதாக, அறிக்கை வேறு மொழியில் இருந்தால், மருத்துவம் தெரிந்தவரைக் கொண்டு பெயர்த்து அனுப்புங்கள். ஸ்மாலட்டுக்கு நேர்ந்தது நமக்கு நேர வேண்டாம்.

ஐந்தாவதாக, கேள்வியைத் தெளிவாகக் கேளுங்கள். "என்ன செய்யலாம்?" என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகவே வரும். நோய் இதுதானா? வேறு பரிசோதனை தேவையா? இந்தச் சிகிச்சையை எங்கள் ஊரில் செய்ய முடியுமா? பயணம் செய்தால் கூடுதலாகக் கிடைப்பது என்ன? பயணத்தை உடல் தாங்குமா? பதில் வந்ததும், நாம் அனுப்பிய படத்தையும் சில்லையும் அவர் பார்த்ததற்கான குறிப்பு அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, காத்திருக்கக் கூடாத நோய்களும் உண்டு. பக்கவாதம், மாரடைப்பு, திடீரெனத் தாக்கும் ரத்தப் புற்றுநோய் போன்றவற்றில் கருத்துக்காகக் காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. அங்கே சிகிச்சை முதலில், கருத்துப் பிறகு.

கல்லனுக்கு எழுதிய நோயாளி பதிலுக்காக நாட்கணக்கில் காத்திருந்தார். இன்று கோப்பு நொடியில் கண்டம் கடக்கிறது. வேகம் மாறியிருக்கிறது, கடமை மாறவில்லை. தொலைவில் இருப்பவர் பார்க்க வேண்டியதை முழுமையாகச் சேர்த்து அனுப்புவது நோயாளியின் குடும்பத்துக்கும் ஊர் மருத்துவருக்கும் உரிய வேலை. அந்த வேலையைச் செய்து முடித்துப் பதில் வாங்கிய பிறகு, நிலத்தை விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.